தொங்கல் காம்பிரா அக்காவின் இருநூறு சொற்கள்

அந்தச் சி.ஆர். கொப்பியின் முதல் பக்கத்தில் மொழியியல் இல்லை. ஐந்து பேரின் பெயர்கள் இருக்கின்றன. நீலப் பேனாவால், கோட்டுக்கு மேலே ஏறாமலும் கீழே இறங்காமலும், ஒவ்வோர் எழுத்தையும் தனித்தனியாக நிறுத்தி எழுதிய பெயர்கள். என் கையெழுத்து அல்ல. பின்னட்டையின் உட்புறத்தில் ஒரு மெமரி கார்டை செலோடேப் போட்டு ஒட்டி வைத்திருக்கிறேன். டேப் மஞ்சளாகிவிட்டது. ஏழு வருடமாக இந்தக் கொப்பி அலுமாரியில் புடவைகளுக்கு அடியில் கிடந்தது. போன வாரம் எங்கள் பாடசாலைக்குப் புதிதாக வந்திருக்கும் இளம் டீச்சர் ஒருத்தி, "அக்கா, நீங்க மொழியியல் பாஸ் பண்ணுன கொப்பிய ஒருக்கா தாங்களேன், பாத்துட்டுத் தர்றேன்" என்று கேட்டாள். அவளுக்கும் அதே பரீட்சை, அவளுக்கு இது இரண்டாவது தடவை. தேடித் தருகிறேன் என்று சொன்னேன். தேடுவதற்கு ஒன்றுமில்லை, இருக்கும் இடம் எனக்கு நன்றாகவே தெரியும்.

மூன்றாவது தடவையாக எழுதுகிறவளுக்குப் பரீட்சை என்பது கொழுந்து எடுப்பதைப் போல ஒரு வேலை. மழையானாலும் பனியானாலும் போக வேண்டும், அவ்வளவுதான். நான் அப்போது ராகலையிலிருந்து உடப்புசல்லாவைக்குப் போகும் பாதையில் உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்துப் பாடசாலையில் ஆசிரிய உதவியாளராக இருந்தேன். செய்வது முழு ஆசிரியர் வேலை. மூன்றாம் வகுப்பு என் கையில், ஆள் வராத நாளில் நான்காம் வகுப்பும் என் தலையில். பதவியின் பெயரில் மட்டும் அந்த 'உதவி' ஒட்டிக்கொண்டிருந்தது. வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் வெளிவாரிப் பட்டம் முடித்தால் அது கழன்று விழும். எட்டுப் பாடத்தில் ஏழைத் தாண்டிவிட்டேன். 'மொழியியல் அறிமுகம்' மட்டும் வழியை மறித்துக்கொண்டு நின்றது. முதல் தடவை கையேட்டை மனப்பாடம் செய்துகொண்டுபோய் மண்டபத்தில் கொட்டிவிட்டு வந்தேன். ஒலியன் என்றால் என்ன, உருபன் என்றால் என்ன என்று யாராவது எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன், ஆனால் அதை வைத்து ஒரு கணக்குச் செய் என்றால் கை நின்றுவிடும். இரண்டாவது தடவை நூலிழையில் போனது. மூன்றாவதும் போனால் எட்டையும் மறுபடி முதலிலிருந்து எழுத வேண்டும் என்றார்கள். கணவர் கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்தார், மாதத்துக்கு ஒரு தடவை வந்து தூங்கிவிட்டுப் போவார். மகளுக்கு நான்கு வயது. பாடசாலையில் மற்ற டீச்சர்மார் "மொழியியல் எப்படி இருக்கு?" என்று நோயாளியை விசாரிப்பது போல என்னை விசாரிப்பார்கள். நானும் "இருக்கு, இருக்கு" என்பேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நுவரெலியாவில் வகுப்பு. வெளியூரிலிருந்து வரும் விரிவுரையாளர் எங்களிடம் ஒருமுறைகூடக் கோபப்பட்டதில்லை. அதுவே எங்களுக்குப் பயமாக இருக்கும். அந்த வருடம் அவர் ஒரு புதிய செய்தி சொன்னார். ஒவ்வொருவரும் ஓர் ஆளைப் பிடித்து, அவர் வாயிலிருந்து இருநூறு சொற்களைக் கேட்டு எழுத வேண்டும். அதே ஆளின் பத்து நிமிடப் பேச்சைப் பதிவு செய்து, ஒரு சொல்லும் விடாமல் எழுத வேண்டும். அந்தக் கொப்பி இல்லாமல் மண்டபத்துக்குள் விடமாட்டார்கள், வினாத்தாளின் பாதி அதை வைத்துத்தான் என்றார். அப்படிச் சொற்கள் தருகிற ஆளுக்குத் 'தகவலாளர்' என்று பெயர். சொந்தப் பேச்சையே எழுதலாமா என்று ஒருவர் கேட்டார். கூடாது என்றார். நாங்கள் பயிற்சிக்காக எழுதிக் காட்டியபோது, பேசியவரின் பேச்சைத் திருத்தி, பாடப் புத்தகம் மாதிரி ஆக்கி வைத்திருந்தோம். டீச்சர்மாரின் கை வேறு எப்படிப் போகும்? அவர் சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டு, "காதில் விழுந்ததை அப்படியே எழுதுங்கள். அழகுபடுத்தாதீர்கள், குறைக்காதீர்கள். உங்கள் கேள்வி அசட்டுத்தனமாக இருந்தால் அதையும் எழுதுங்கள்" என்றார். அந்த வாக்கியத்தை நான் கொப்பியின் இரண்டாம் பக்கத்தில் எழுதி அடிக்கோடும் போட்டிருக்கிறேன்.

நாங்கள் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்தில்தான் குடியிருந்தோம். எங்களுக்கு அடுத்தது தொங்கல் காம்பிரா, அதாவது வரிசையின் கடைசி அறை. காற்றும் மழையும் முதலில் வந்து முட்டுவது அந்தச் சுவரில்தான். அங்கே இருந்தவரைத்தான் அக்கா என்று சொல்கிறேன். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், கொழுந்து மலைக்குப் போகிறவர், மாமியாரும் கணவரும் இரண்டு பெண் பிள்ளைகளும் அவர் வீட்டில். லயத்துக் காம்பிராக்களுக்கு நடுவிலுள்ள சுவர் கூரை வரை போவதில்லை. அவர்கள் வீட்டில் வெங்காயம் தாளித்தால் எங்கள் கண் எரியும். நான் இரண்டு வருடமாகச் சத்தம் போட்டுப் பாடமாக்கியதெல்லாம் அந்தச் சுவருக்கு மேலால் அவருக்குப் போயிருக்கிறது. "ஒலியன்னா என்னானு எனக்கே பாடமாயிருச்சு டீச்சர், பேசாம நானே போயி எழுதிட்டு வந்துறவா?" என்று இஸ்தோப்பில் நின்று கேலி செய்வார். இஸ்தோப்பு என்பது காம்பிராவுக்கு முன்னால் உள்ள அந்தக் கொஞ்ச இடம்தான். என்னிடம் மனம் விட்டுப் பேசியவர்கள் அந்த லயத்தில் குறைவு. டீச்சர் என்றால் ஓர் அடி தள்ளி நிற்பார்கள். அக்கா தள்ளி நிற்கவில்லை.

தகவலாளர் தேடி முதலில் நான் வேறு நான்கு வீடுகளுக்குப் போனேன். ஒருவர் போனைக் கண்டதும் வாயைப் பொத்திக்கொண்டார். இன்னொருவர் வீட்டுக்காரரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றார், பிறகு என்னைக் கண்டால் வேறு பாதையில் போனார். பரீட்சைக்கு நான்கு வாரம்கூட இல்லை. கடைசியில் அக்காவிடம் போய் நின்றேன். மாலைக் கொழுந்து நிறுவை முடிந்து, இடுப்பில் கட்டிய சாக்குப் படங்கைக்கூட அவிழ்க்காமல் காலைக் கழுவிக்கொண்டிருந்தார். மொழியியல் என்றால் என்ன, எதற்காக ஒருவர் பேசுவதை இன்னொருவர் எழுதுகிறார் என்பதையெல்லாம் விளக்க எனக்கு அன்று தெம்பில்லை. "ஒரு வேலை இருக்குக்கா. உங்களப் பத்தி, உங்க பேச்சப் பத்தி எழுதி மேலிடத்துக்குக் குடுக்கணும். தெனம் ஒரு மணித்தியாலம் வருவீங்களா?" என்று கேட்டேன். சோம்பலில் சொன்ன வாக்கியம் அது. அக்கா என் கையில் இருந்த கொப்பியைப் பார்த்தார். "வர்றேன் டீச்சர்" என்றார். ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. எனக்கு அப்போது அது பெரிய நிம்மதியாக இருந்தது.

முதல் நாள் தலைவாரி, வெளுத்த சேலை கட்டி வந்தார். தகவலாளரைப் பற்றிய விபரங்களை முதலில் எழுத வேண்டும் என்று கையேட்டில் ஒரு படிவம் இருந்தது. பெயர், வயது, பிறந்த இடம், தகப்பனார் பெயர், அவர் பிறந்த இடம், இந்த லயத்தில் எத்தனை வருடம், வீட்டில் எத்தனை பேர். ஒருவரின் பேச்சு எங்கிருந்து வந்தது என்று அறிவதற்கான கேள்விகள் அவை. ஆனால் ஒன்றன் பின் ஒன்றாக நான் கேட்கக் கேட்க அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார். தகப்பனார் பெயரை நான் எழுதும்போது கையை நீட்டித் தடுத்தார். "குடுங்க டீச்சர், பேரெல்லாம் நானே எழுதுறேன். ஒரு எழுத்துப் பெசகினாலும் வம்பு" என்றார். அவர் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். கொப்பியின் முதல் பக்கத்தை எடுத்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, மாமியார், கணவர், தான், இரண்டு பிள்ளைகள் என்று வரிசையாக எழுதினார். எனக்குத் தேவைப்பட்டது ஒரு பெயர்தான். எழுதட்டும் என்று விட்டுவிட்டேன்.

சொற்கள் வேகமாகத்தான் போயின. மூக்கைத் தொட்டுக் காட்டுவேன், சொல்வார். கதவு, அடுப்பு, கூரை, மழை, பனி, அட்டை, கவ்வாத்துக் கத்தி. ஒவ்வொன்றையும் மூன்று தடவை சொல்லச் சொல்வேன். மூன்றாவது தடவை அவருக்குச் சிரிப்பு வந்துவிடும். கையேட்டில் தலையை நட்டநடுவே வெட்டி, நாக்கு, அண்ணம், தொண்டை எல்லாவற்றையும் காட்டும் ஒரு படம் இருக்கிறது. அதை வெகு நேரம் பார்த்துவிட்டு, "பாவம், யாரு டீச்சர் இது? ஒப்பரேஷன் பண்ணுனாங்களா?" என்று கேட்டார். நான் எத்தனையோ நாளைக்குப் பிறகு சிரித்தது அன்றுதான். மகள் அவர் மடியில் தூங்கிவிடுவாள். அடுப்பில் சாயத்தண்ணி கொதித்துக்கொண்டிருக்கும். மலையில் எட்டு மணித்தியாலம் நின்றுவிட்டு வந்தவரை உட்கார வைத்து 'ல', 'ள', 'ழ' கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு தடவையாவது கொட்டாவி விட்டிருந்தால் எனக்கு உறைத்திருக்கும். அவர் விடவில்லை.

மூன்றாம் நாள் ஒரு பொலித்தீன் பை கொண்டுவந்தார். அதற்குள் இன்னொரு பை. அதற்குள், மடிப்புகளில் கிழியத் தொடங்கியிருந்த கடதாசிகள். பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், விவாகப் பதிவு, எல்லாவற்றுக்கும் அடியில் அவருடைய தகப்பனாரின் பிரஜாவுரிமைப் பத்திரம். எங்கள் ஆட்கள் நகையை அடகு வைப்பார்கள், அந்தக் கடதாசியை ஒருவர் கையிலும் கொடுக்கமாட்டார்கள். ஒரு கடதாசி இல்லாததால் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாமல் போன தலைமுறையின் பேரப்பிள்ளைகள் நாங்கள். அதனால்தான் கொப்பியோடு ஓர் ஆள் வந்து தகப்பன் பிறந்த ஊரைக் கேட்டால் எங்களுக்கு ஒரே ஓர் அர்த்தம்தான் தெரியும். ஏதோ பட்டியல் எடுக்கிறார்கள். அந்த மாதங்களில் தோட்டத்துக்குத் தனி வீடுகள் வரப்போகின்றன, பெயர் எடுப்பார்கள் என்று பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தது. வாக்காளர் இடாப்பு என்றாலும் வேறு எந்த விபரம் என்றாலும் எங்கள் பக்கம் டீச்சர்மாரைத்தான் அனுப்புவார்கள். "இதெல்லாம் போட்டோக் கொப்பி எடுத்துக்குங்க டீச்சர், பின்னாடி கேட்டா இல்லன்னு ஆகிறக் கூடாது" என்று அக்கா பையை என் பக்கம் தள்ளினார். எனக்கு அந்த நிமிடமே விளங்கிவிட்டது.

சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. இருநூறு சொற்களில் எழுபதுகூட முடியவில்லை, பதிவு தொடங்கவேயில்லை, மூன்று வாரம் இருந்தது. இது வீட்டுக்கு இல்லை அக்கா, என் பரீட்சைக்கு என்று சொன்னால் அவர் நாளைக்கு ஏன் வர வேண்டும்? வீட்டில் அரிசி இருக்கிறது, அடுப்பு இருக்கிறது, மாமியாரின் இருமல் இருக்கிறது. இவர் போனால் வேறு ஆள் இல்லை. பரீட்சை முடிந்ததும் ஆறுதலாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்பார்கள், ஒழுகுகிற வீட்டில் நான் பிடுங்கினேன். பிரஜாவுரிமைப் பத்திரத்தை விரித்துப் பார்த்துவிட்டு, பத்திரமாக வையுங்கள் என்று திருப்பிக் கொடுத்தேன். பொய் சொல்லவில்லை, பேசாமல் இருந்தேன். இந்த ஏழு வருடமும் என்னை நான் சமாதானப்படுத்திக்கொண்டது இந்த ஒரு வாக்கியத்தை வைத்துத்தான்.

பத்து நிமிடப் பேச்சைப் பதிவு செய்த மாலை நல்ல மழை. ஏதாவது ஒரு சம்பவத்தைச் சொல்லுங்கள் என்றேன். அக்கா தொண்டையைச் செருமி, கைகளைக் கட்டிக்கொண்டு, "மேன்மை தங்கிய ஐயாமார்களுக்கு வணக்கம். நாங்கள் இந்தத் தோட்டத்தில் மூன்று தலைமுறைகளாக வசித்து வருகின்றோம்" என்று தொடங்கினார். மனு எழுதுகிறவர்கள் எழுதுவதைப் போலவே. நான் பதிவை நிறுத்தினேன். அப்படிப் பேசினால் எனக்கு உதவாது, வீட்டில் எப்படிப் பேசுவாரோ அப்படி வேண்டும். "சாதாரணமா பேசுங்கக்கா" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் கவலை இருந்தது. "சாதாரணமா பேசுனா யாரு டீச்சர் கேப்பாங்க?" என்றார். நான் கேட்பேன் என்றேன். பிறகு பேசினார். போன வருடக் காற்றில் கூரைத் தகரம் இரண்டு பறந்த கதை. மாமியாரைக் கட்டிலோடு நடுவீட்டுக்கு இழுத்தது, பிள்ளைகளின் பாடசாலைப் பைகளை அரிசி டின்னுக்குள் திணித்தது, மேட்டுப் பக்கத்து மண்சுவர் ஊறி வயிறு தள்ளி நிற்பது, ஒவ்வொரு மழைக்கும் அந்தச் சுவரைக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் பிள்ளைகளைப் படுக்க வைப்பது. அழாமல், நிறுத்தாமல் சொன்னார். நான் போனின் திரையில் நிமிடம் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து ஆனதும் நிறுத்தினேன் என்றுதான் எனக்கு நினைவு.

அதன் பிறகு இரண்டு வாரம் நான் செய்ததெல்லாம் அந்தப் பத்து நிமிடத்தைக் கேட்டுக் கேட்டு எழுதியதுதான். இடைவேளையில், பஸ்ஸில், சோறு வேகும் நேரத்தில் காதில் ஒயரைச் செருகிக்கொண்டு ஒரு வாக்கியத்தைப் பத்துத் தடவை ஓட்டுவேன். ஒரு சொல்லின் கடைசி ஒலி எப்படித் தேய்ந்து மூக்கோடு போகிறது என்று கவனிப்பேன். சுவர் வயிறு தள்ளி நிற்கிறது என்று அவர் சொல்லும் இடத்தை நான் எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று தெரியாது. அதில் சுவரை ஒருநாளும் கேட்கவில்லை. பத்தாவது நிமிடத்தோடு பென்சிலை வைத்துவிட்டேன். அவ்வளவுதான் கேட்டிருந்தார்கள். பென்சில் பிடித்த விரலில் காய் வந்திருந்தது. பாடசாலையில் ஒரு பிள்ளை, "டீச்சர், நீங்க நின்னுக்கிட்டே தூங்குறீங்க" என்று சொன்னது. உண்மைதான்.

பரீட்சை ஞாயிற்றுக்கிழமை காலையில். ராகலை பஸ்ஸை நம்ப முடியாது என்று சனிக்கிழமை மத்தியானமே மகளை அம்மா வீட்டில் விட்டுவிட்டு, நுவரெலியாவில் ஒரு சிநேகிதி வீட்டுக்குப் புறப்பட்டேன். அக்கா இஸ்தோப்பில் நின்றார். என் நெற்றியில் திருநீறு பூசி, ரொட்டியும் சம்பலும் கட்டித் தந்தார். பைக்குள் கொப்பி இருக்கிறதா என்று அவரே ஒரு தடவை திறந்து பார்த்தார். "பாத்துக் குடுத்துட்டு வாங்க டீச்சர்" என்றார். தலையை ஆட்டிவிட்டு இறங்கி நடந்தேன். மறுநாள் வினாத்தாளைத் திருப்பியதும் எனக்கு மூச்சு இறங்கியது. உமது தகவலாளரின் பேச்சிலிருந்து உதாரணங்கள் தருக, உமது தகவலாளரின் பேச்சில் காணப்படும் மாற்றங்களை விளக்குக. எல்லாமே அக்கா. கை நிற்கவேயில்லை, இரண்டு தடவை மேலதிகத் தாள் கேட்டு வாங்கினேன். மண்டபத்தை விட்டு வெளியே வந்தபோது பனி விலகியிருந்தது. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் தூங்கிப்போனேன்.

அதே ஞாயிற்றுக்கிழமை தோட்டத்தில் வீட்டுப் பட்டியலுக்குப் பெயர் எடுத்திருக்கிறார்கள். சனிக்கிழமை காலைப் பெரட்டில் அறிவித்திருக்கிறார்கள், பெரட்டு என்பது ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் இடம், நான் அங்கே போகிறவள் இல்லை. கொழுந்துக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பிராவில் மேசை போட்டு, காலையிலிருந்து மத்தியானம் வரை எழுதியிருக்கிறார்கள். லயமே போயிருக்கிறது. அக்கா போகவில்லை. கூப்பிட்டவர்களிடம், "நாங்க டீச்சர்கிட்ட மொதல்லயே குடுத்துட்டோம், இன்னிக்கு மேலிடத்துக்குக் கொண்டு போயிருக்காங்க. ரெண்டு எடத்துல குடுத்தா ரெண்டுமே இல்லாமப் போயிரும்" என்று சொல்லிவிட்டுக் கம்பளி துவைத்திருக்கிறார். இரட்டைப் பதிவு என்று சொல்லிப் பெயரை வெட்டிவிடுவார்கள் என்ற பயம் எங்கள் எல்லோருக்கும் உண்டு. நான் பின்னேரம் வந்து இறங்கியபோது இஸ்தோப்பில் ஏழெட்டுப் பேர் கூடி நின்றார்கள், நடுவில் தோட்டத் தலைவர். பட்டியல் மூடிப் போய்விட்டது என்றும், டீச்சரிடம் யார் பெயர் எடுக்கச் சொன்னது என்றும் அவர் கேட்டார். அது என் படிப்புக்கு எழுதியது, வீட்டுக்கும் அதற்கும் தொடர்பில்லை என்றேன். அக்கா எல்லோர் முன்னாலும் என்னைப் பார்த்து, "நீங்க கெடைக்கும்னு சொன்னீங்களே டீச்சர்" என்றார். "நான் அப்படிச் சொல்லலக்கா, நீங்களா நெனச்சுக்கிட்டீங்க" என்றேன். சொல்லும்போது எனக்கு அது உண்மையாகவே பட்டது. நான் பேசாமல் இருந்தவள்தானே. கூட்டத்தில் ஒருவர், ஆசை இருந்தால் காதுக்கு எல்லாம்தான் கேட்கும் என்று சிரித்தார். அக்கா உள்ளே போய்விட்டார். அவர் கணவர் அன்று அவரைத் திட்டியது சுவருக்கு மேலால் எங்கள் பக்கம் முழுவதும் கேட்டது. இல்லாததைச் சொல்லி ஊர் சிரிக்க வைத்தாய் என்று திட்டினார்.

இரண்டு நாள் கழித்து அக்கா என் வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. "அப்ப எதுக்கு டீச்சர் எங்கப்பா பேரக் கேட்டீங்க?" என்று கேட்டார். விளக்கினேன். முதல் நாளே விளக்கியிருக்க வேண்டியதை ஐந்து நிமிடத்தில் விளக்கிவிட்டேன். அவ்வளவு சின்ன விஷயமாகத்தான் இருந்தது அது. கேட்டுக்கொண்டிருந்தார். "நான் செவுரப் பத்திச் சொன்னேனே, அதுல நீங்க என்னா எழுதுனீங்க?" என்றார். நான் எழுதியது சொற்களின் முடிவில் ஒலிகள் தேய்வதைப் பற்றி. மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். "வாயுள்ள புள்ள பொழைச்சுக்கும்னு எங்கம்மா சொல்லும். எனக்கு வாயி இருந்துச்சு டீச்சர்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

நான் பாஸ். நல்ல புள்ளி. விரிவுரையாளர் என் கொப்பியைத் திருப்பித் தரும்போது மற்றவர்களுக்குக் காட்டிப் பாராட்டினார். அடுத்த வருடம் 'உதவி' கழன்றது. அக்காவைக் கூட்டிக்கொண்டு நுவரெலியாவிலுள்ள அலுவலகத்துக்கு மூன்று தடவை போனேன், மனு எழுதினேன். மேசைக்குப் பின்னால் இருந்தவர் ஒவ்வொரு தடவையும் தலை நிமிராமல் சிங்களத்தில் "ஈளங்க லிஸ்ட் எகே" என்றார், அடுத்த பட்டியலில் என்று அர்த்தம். லயத்தில் பாதிப் பேர் மேட்டு மலையில் கட்டிய வீடுகளுக்குப் போனார்கள். நாங்கள் ராகலையில் வாடகை வீடு பார்த்து வந்துவிட்டோம். அக்கா தொங்கல் காம்பிராவிலேயே இருக்கிறார். சுவருக்கு மூங்கில் முட்டுக் கொடுத்திருக்கிறார்கள். திருவிழாவில், கடைத்தெருவில் கண்டால் நின்று பேசுவார். "வணக்கம் டீச்சர். நலமாக இருக்கின்றீர்களா? பிள்ளை நன்றாகப் படிக்கின்றாரா?" என்பார். அதே மனுத் தமிழ். என்னிடம் சாதாரணமாகப் பேசுவதை அவர் அத்தோடு விட்டுவிட்டார். நாலு பேர் இருக்கும் இடத்தில் அவர் ஏதாவது சொன்னால், "தொங்கல் காம்பிராக்காரிக்குக் காதுல எல்லாம்தான் கேக்கும்" என்று இன்றைக்கும் லயத்தில் ஒரு கேலி இருப்பதாகக் கேள்விப்பட்டேன்.

நேற்றுப் பின்னேரம் கொப்பியை எடுத்தேன். இளம் டீச்சருக்குக் கொடுக்கும் முன் மெமரி கார்டு வேலை செய்கிறதா என்று பார்க்க நினைத்தேன். டேப்பை உரித்து, மகளின் பழைய போனில் போட்டேன். மழைச் சத்தமும் அக்காவின் குரலும் அப்படியே இருக்கின்றன. கொப்பியை விரித்து வைத்துக்கொண்டு கூடவே வாசித்தேன். நான் எழுதியதில் பிழையில்லை, ஓர் ஒலிகூட விடவில்லை. இந்தத் தடவை சுவரையும் கேட்டேன். பத்தாவது நிமிடத்தில் என் எழுத்து முடிந்தது. பதிவு முடியவில்லை. இன்னும் அரை நிமிடம் ஓடியது. தகரத்தில் மழை. அக்கா இருமினார். சரியாகப் பேசினேனா என்று கேட்டார், நல்லாப் பேசுனீங்கக்கா என்றது என் குரல். பிறகு அவர் இன்னொன்று கேட்டார். என் குரல் பதில் சொன்னது. அதன் பிறகுதான் பதிவை நிறுத்தும் சத்தம்.

நான்கு தடவை ஓட்டிக் கேட்டேன். மூன்றாவது தடவை கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன், வேறு மாதிரிக் கேட்காதா என்று. பிறகு பென்சிலைச் சீவி, ஏழு வருடத்துக்கு முன் எழுதிய கடைசி வரிக்குக் கீழே, வகுப்பில் சொல்லித் தந்தபடியே தகவலாளருக்கு 'த' என்றும் கேட்டவளுக்கு 'கே' என்றும் போட்டு, காதில் விழுந்ததை எழுதினேன்.

த: அப்ப எங்களுக்கு வீடு கெடைச்சிரும்ல டீச்சர்?

கே: கெடைக்கும்க்கா. கட்டாயம் கெடைக்கும்.

காலையில் பாடசாலையில் அந்த இளம் டீச்சர் கொப்பியைக் கேட்டாள். இப்போது தர முடியாது என்றேன். சனிக்கிழமை அதையும் போனையும் எடுத்துக்கொண்டு லயத்துக்குப் போக வேண்டும். முதல் பக்கத்தில் பெயர் எழுதியவர் கேட்க வேண்டும். இஸ்தோப்பில் அன்று நின்ற எல்லோரும் கேட்க வேண்டும்.